ஃபிலிம் காட்டும் தெரு!

சென்னையில் காருக்கு வைத்தியம் பார்க்க ஒரு ஏரியா, மேக்கப் போட ஒரு ஏரியா! பழைய கதவு, பம்பர், கியர்பாக்ஸ்னு உதிரி பாகம் தேடினால் புதுப்பேட்டை. சீட் கவர், ஸ்பீக்கர், ஹாரன், ஸ்டீயரிங் உறை, சன் ஃபிலிம்னு அலங்காரம் தேடினால் ஜி.பி. ரோடு. முழுப் பெயர் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு. அண்ணா சாலையில் பிரிந்து ராயப்பேட்டை பக்கம் போகிற தெரு. எல்.ஐ.சி. மெட்ரோவில் இறங்கினால் நடந்தே போயிடலாம்.

நடந்து போனால் யாரும் கண்டுக்க மாட்டாங்க. காரில் போய்ப் பாருங்க... அப்புறம் தெரியும் மரியாதை! வேகத்தைக் கொஞ்சம் குறைச்சாலே போதும், நாலு பசங்க ஓடி வருவாங்க. "சார், சீட் கவரா? மேட்டா? ஸ்டீரியோவா? ஃபிலிமா சார்?" கையைக் காட்டி ஓரங்கட்டச் சொல்றதைப் பார்த்தால் டிராஃபிக் போலீஸே தோத்துடும். கடைக்குள்ளே இடம் கொஞ்சம்தான். வேலையெல்லாம் ரோட்டோரத்துலதான் நடக்கும். ஒரு காரோட நாலு கதவும் திறந்து கிடக்கும், சீட் நடுரோட்டுக்கு வந்திருக்கும், பக்கத்துல ஒரு டீ கிளாஸ் இருக்கும்.

நண்பன் வீட்டில் செகண்ட் ஹேண்ட் கார் ஒண்ணு வாங்கியிருந்தாங்க. சின்ன கார், பத்து வயசு, ஏ.சி. சுமார். மே மாசத்து மதியத்துல கல்லூரி வாசல்ல ரெண்டு மணி நேரம் நிறுத்திட்டு உள்ளே உட்கார்ந்தால் இட்லி குக்கர்தான்! "நாலு பக்கமும் நல்லா கறுப்பா ஃபிலிம் ஒட்டிடலாம் மச்சான்... வெயிலே அடிக்காது"னு கிளம்பினான். வெயில் மட்டும்தான் காரணமானு கேட்டேன். "கெத்தாவும் இருக்கும்ல"னு சிரிச்சான். நம்ம ஊர்ல பந்தா பண்றதுக்கே 'ஃபிலிம் காட்டுறது'னுதானே பேரு!

ஆனா ஜி.பி. ரோட்டில் அன்னிக்கு எங்களுக்குக் கிடைச்ச பாடம் வேற.

கையை நீட்டுங்க தம்பி!

ஃபிலிம் ஒட்டுற அண்ணன் ஒருத்தர்கிட்ட போய் நின்னோம். ரொம்ப வருஷமா இதே தொழில். "எவ்ளோ கறுப்பு இருக்கோ அவ்ளோ கறுப்பு வேணும்ணா"னு நண்பன் ஆரம்பிச்சதும், அவர் பதில் சொல்லாம மேஜைக்கு அடியிலேர்ந்து ஒரு பெட்டியை எடுத்தார். உள்ளே சூடு கக்குற பெரிய பல்பு. முன்னாடி கண்ணாடித் துண்டுகளைச் செருகுற மாதிரி ஒரு சட்டம்.

முதல்ல கறுகறுனு ஒரு ஃபிலிம் ஒட்டின துண்டைச் செருகினார். "கையை நீட்டுங்க தம்பி." நண்பன் நீட்டினான். பத்து எண்ணுறதுக்குள்ள கையை இழுத்துட்டான். அடுத்து இன்னொரு துண்டு. அதுல ஃபிலிம் இருக்குன்னே தெரியலை, அவ்வளவு தெளிவு. கையை நீட்டினான்... வெச்சுக்கிட்டே இருந்தான். முகத்துல ஒரு குழப்பம்.

"கறுப்புதானே சூட்டைத் தடுக்கும்?"

"கறுப்பு வெளிச்சத்தைத் தடுக்கும். சூடு வேற கணக்கு"னார் அண்ணன்.

அவர் சொன்னதுக்குப் பின்னாடி ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ் இருக்கு. தரைக்கு வந்து சேர்ற சூரிய சக்தியில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள். பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, நாம பார்க்கிற வெளிச்சம். மிச்சம் சில சதவீதம் புற ஊதா. மலிவான சாய ஃபிலிம் வெளிச்சத்தை வடிகட்டிடும். ஆனா அகச்சிவப்பில் பெரும்பங்கை அப்படியே உள்ளே விட்டுடும். உறிஞ்சின சூட்டிலும் ஒரு பகுதி, கொதிக்கிற கண்ணாடி வழியா உள்ளேதான் வரும். அதாவது, கார் இருட்டா இருக்கும், சூடாவும் இருக்கும்! செராமிக் ஃபிலிமில் இருக்கிற நுண்துகள்கள் வெளிச்சத்தை விட்டுட்டு அகச்சிவப்பைக் குறிவெச்சுப் பிடிக்கும். அதனாலதான் தெளிவா இருந்தும் கை சுடலை.

நடுவுல இன்னும் ரெண்டு ரகம் உண்டு. கார்பன் ஃபிலிம், சாயத்தை விட சூட்டை நல்லா தடுக்கும், நிறம் மங்காது. உலோகப் பூச்சு ஃபிலிமும் சூட்டைத் திருப்பி அனுப்பும். ஆனா ரேடியோ அலைகளோட அதுக்கு ஆகாது. முன் கண்ணாடியில் ஒட்டினால் ஃபாஸ்டேக் மக்கர் பண்ணலாம், ஜி.பி.எஸ். சிக்னல் திணறலாம். சாய ஃபிலிமோட எதிர்காலம் தெரியணும்னா பழைய வண்டிகளைப் பாருங்க. ஊதா நிறத்துல வெளுத்து, அம்மை போட்ட மாதிரி கொப்புளம் கொப்புளமா இருக்கும்.

விலை? ரகத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். சாயம் அடிமட்டம், செராமிக் உச்சம். நண்பன் முகம் வாடிடுச்சு.

ஐம்பது எடுத்தா பாஸ்!

இந்தத் தெருவில் அடிக்கடி காதில் விழுற வார்த்தை 'பர்சென்ட்'. "இருபது பர்சென்ட் போடு", "ஐம்பது லீகல் சார்"னு எல்லாரும் நம்பர்லதான் பேசுறாங்க. இதுல முதல் குழப்பமே, இருபது பர்சென்ட்னா இருபது பங்கு கறுப்புன்னு நினைக்கிறது. இல்லை பாஸ்... நூறு பங்கு வெளிச்சத்தில் இருபது பங்குதான் உள்ளே வரும்னு அர்த்தம். நம்பர் குறையக் குறைய இருட்டு.

1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி இதுக்கு பாஸ் மார்க் போட்டிருக்கு. முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீத வெளிச்சம் ஊடுருவணும். பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதம். அப்போ "ஐம்பது பர்சென்ட் ஃபிலிம் லீகல்"னு சொல்றது சரிதானே? இங்கேதான் அரியர் விழுது!

அந்த 50, ஃபிலிமுக்கு மட்டுமில்லை. கண்ணாடியும் ஃபிலிமும் சேர்ந்து எடுக்க வேண்டிய மார்க். கம்பெனியிலேர்ந்து வர்ற பக்கக் கண்ணாடியே லேசான பச்சை கலந்து, நூறு பங்கையும் விடாமதான் இருக்கும். அது 75 விடுதுன்னு வெச்சுக்குங்க. அதுமேல 50 ஃபிலிம் ஒட்டினால் 75-ல் பாதி, 37.5. ஃபெயில்! 60 ஒட்டினாலும் 45. ஃபெயில்! 70 ஒட்டினால்தான் 52.5. ஜஸ்ட் பாஸ். முன் கண்ணாடி இன்னும் கஷ்டம். அது 75 விட்டால், 90 விடுற ஃபிலிம் ஒட்டினாலும் 67.5-ல் நிக்கும். அதனால முன்னாடி, பின்னாடி ரெண்டையும் தொடாம இருக்கிறதே பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

இன்னொரு ஜாலக்கணக்கும் உண்டு. "97 பர்சென்ட் ஹீட் கட் சார்!" கேட்கும்போதே ஜில்லுனு இருக்கும். ஆனா யோசிங்க. மொத்த சூரிய சக்தியில் வெளிச்சத்தோட பங்கு நாற்பது சொச்சம். அதில் 70 சதவீதத்தை உள்ளே விடுற ஃபிலிம், வெளிச்சம் வழியாவே முப்பது பங்கு சக்தியை உள்ளே விட்டுடுதே... அப்புறம் மொத்தத்துல 97-ஐ எப்படித் தடுக்க முடியும்? அந்த 97, அகச்சிவப்பில் மட்டும், அதுவும் சில சமயம் ஒரு குறிப்பிட்ட அலைநீளத்துல மட்டும் அளந்தது. கடையில் கேட்க வேண்டிய நம்பர் வேற. 'டி.எஸ்.இ.ஆர்.'னு கேளுங்க. மொத்த சூரிய சக்தியில் எவ்வளவைத் தடுக்குதுன்னு சொல்ற நம்பர் அதுதான். 97-ஐ விட ரொம்பக் கம்மியா இருக்கும். ஆனா அது முழுக் கணக்கு.

ஒட்டின கையாலயே உரிச்சோம்

பாஸ் மார்க் இருந்தும் ஒரு காலத்துல யாரும் அதைக் கண்டுக்கலை. அரசியல் பிரமுகர் கார்லேர்ந்து கல்யாண வாடகை கார் வரைக்கும் கறுப்புக் கண்ணாடி. அவிஷேக் கோயங்கா என்பவர் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2012 ஏப்ரல் 27-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரே போடாகப் போட்டது. எத்தனை சதவீதமா இருந்தாலும் சரி, கண்ணாடி மேல ஃபிலிம் ஒட்டக் கூடாது! மே 4-லேர்ந்து அமல். உயர் பாதுகாப்பு தேவைப்படுறவங்களுக்கு மட்டும் விலக்கு. காருக்குள்ளே நடக்கிற குற்றம் வெளியே தெரியாமப் போகுது, டிரைவருக்கும் பார்வை மறைக்குதுங்கறதுதான் அடிப்படை.

"அந்த மே மாசம் மறக்காது தம்பி"னார் அண்ணன். "ரெண்டு மாசம் முன்னாடி யாருக்கு ஒட்டினமோ அவங்களே க்யூவுல வந்து நின்னாங்க. ஒட்டின கையாலயே உரிச்சோம். ஒட்டக் கூலி உண்டு. உரிக்கக் கூலி கேட்டா சண்டை. பசங்க பாதிப் பேர் சீட் கவர் தைக்கப் போயிட்டாங்க."

அதே வருஷம் டிசம்பர் 16-ம் தேதி டெல்லியில் அந்த மாணவிக்கு நடந்த கொடுமை எல்லாருக்கும் தெரியும். அந்த பஸ்ஸில் இருந்தது கறுப்புக் கண்ணாடியும் திரையும். தீர்ப்பு வந்து ஏழு மாசம் கழிச்சும்! ஓடுற பஸ்ஸுக்குள்ளே என்ன நடக்குதுன்னு ரோட்டில் போற யாருக்கும் தெரியலை. கெத்துக்குக் கறுப்பு கேட்கும்போது இதையும் கொஞ்சம் நினைச்சுப் பார்க்கணும்.

அப்புறம் கதை மறுபடி திரும்பிச்சு. 2021 ஏப்ரல் 1 முதல் 100-வது விதி திருத்தப்பட்டது. உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் கொண்ட பாதுகாப்புக் கண்ணாடியையும் அது ஏத்துக்கிச்சு. இதை வெச்சு 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், 70, 50 அளவுக்குள்ளே தரச் சான்றோடு இருக்கிற ஃபிலிமை வண்டிக்காரரே ஒட்டிக்கலாம், அதுக்கு அபராதம் போடக் கூடாதுன்னு சொன்னது. ஜி.பி. ரோட்டில் அதுக்கப்புறம் பேச்சுத் தோரணையே மாறிடுச்சு. ஆனா அது கேரளத்துத் தீர்ப்பு. நம்ம ஊர் சிக்னல்ல நிக்கிற டிராஃபிக் போலீஸ்கிட்ட அது ஒரு வாதம்தான், கேட் பாஸ் கிடையாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு இந்த மாதிரி பொதுவான விதிமீறலுக்கு அபராதம் முதல் முறை 500 ரூபாய் வரை, மறுபடி மாட்டினால் 1,500 வரை. தெளிவான ஃபிலிமா இருந்தால் நிறுத்திக் கேட்கிற வாய்ப்பு கம்மி. கறுப்பா இருந்தால் எந்தச் சட்டமும் காப்பாத்தாது.

எங்கடா இருக்கே?

இவ்வளவு கேட்டும் நண்பன் மனசு அந்தக் கறுப்புத் துண்டு மேலேயே இருந்தது. "ஒரு 20 போட்டா என்ணா ஆயிடும்?"

அதுக்குள்ள மணி ஏழு ஆயிடுச்சு. ஓரத்துல ஒரு பழைய கார் நின்னுக்கிட்டிருந்தது. பழைய ஓனர் ஒட்டின கறுப்பை உரிக்கச் சொல்லி, புது ஓனர் விட்டுட்டுப் போன வண்டி. அண்ணன் சாவியை நீட்டினார். "ஸ்டார்ட் பண்ண வேணாம். டிரைவர் சீட்ல உட்காருங்க. கண்ணாடியை ஏத்திக்கிட்டு சைடு மிரரைப் பாருங்க."

என்னைக் கூப்பிட்டு வண்டிக்குப் பின்னாடி வலது பக்கம் நிக்கச் சொன்னார். நான் போட்டிருந்தது கறுப்பு டி-ஷர்ட். தெருவிளக்கு கொஞ்சம் தள்ளி. பின் சக்கரத்துலேர்ந்து ரெண்டு அடி பின்னாடி நின்னேன்.

உள்ளேயிருந்து குரல்: "எங்கடா இருக்கே?"

"இங்கேதான்டா!" கையை ஆட்டினேன்.

"தெரியலைடா..."

நான் எட்டிப் பார்த்தேன். அவன் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு எனக்கும் தெரியலை. அவனுக்கு நான் தெரியலை, எனக்கு அவன் தெரியலை. நடுவுல ஒரு கறுப்புத் தாள். கணக்குப் போட்டுப் பாருங்க. 75 விடுற கண்ணாடியில் 20 ஃபிலிம்னா, நூறில் 15 பங்கு வெளிச்சம்தான் கண்ணுக்கு வரும். பகல்ல சமாளிச்சிடலாம். ராத்திரி தெருவில் இருக்கிறதே கொஞ்சம் வெளிச்சம். அதில் ஏழில் ஒரு பங்கு! லைட் இல்லாத சைக்கிள், சட்டுனு கிராஸ் பண்ற குழந்தை, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாடி படுத்திருக்கிற நாய்... எல்லாம் அந்தப் பதினைஞ்சுக்குள்ளதான் தெரியணும்.

நண்பன் கதவைத் திறந்துக்கிட்டு இறங்கினான். ஒண்ணும் பேசலை.

"என் பையனும் டூ வீலர்ல போறவன்தான் தம்பி"னு மட்டும் சொன்னார் அண்ணன்.

வாங்குறதுக்கு முன்னாடி...

மறுநாள் காலையில் ஒட்டினாங்க. நண்பன் எடுத்த முடிவு: நாலு பக்கக் கண்ணாடிக்கு மட்டும் 70 விடுற செராமிக். முன்னும் பின்னும் ஒண்ணும் வேணாம். நிறுத்தும்போது முன் கண்ணாடிக்கு மடக்குற அட்டை. மிச்சக் காசுக்கு ஏ.சி. சர்வீஸ். நீங்களும் ஃபிலிம் வாங்கப் போறதா இருந்தால் இதையெல்லாம் கவனிங்க:

முதல்ல வெறும் கண்ணாடியை மீட்டர் வெச்சு அளக்கச் சொல்லுங்க. நண்பன் காரில் 76 காட்டிச்சு. 70 ஃபிலிமோட சேர்த்தால் 53. ஒட்டின பிறகும் அளந்து காட்டச் சொல்லுங்க.

பில்லில் ஃபிலிமோட கம்பெனி பேர், மாடல், வெளிச்ச சதவீதம் மூணும் வரணும். தரச் சான்றோட நகலும் வேணும். ரெண்டையும் டேஷ்போர்டில் வைங்க. பில் இல்லாத வாரன்ட்டி, வாய்ப் பேச்சு.

தோலுக்கு நல்லதுன்னு கறுப்பு வாங்காதீங்க. நல்ல ஃபிலிம் தெளிவா இருந்தாலே 99 சதவீத புற ஊதாவைத் தடுத்துடும். வெயில் பட்டாலே தோல் பாதிக்கிற லூபஸ் மாதிரி நோய் இருக்கிறவங்களுக்குக்கூட இருட்டு தேவையில்லை. முன் கண்ணாடி ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு படலம் வெச்சுச் செஞ்சது, அதுவே புற ஊதாவைப் பெரும்பாலும் நிறுத்திடும். பக்கக் கண்ணாடிதான் ஓட்டை.

ஒட்டுறதைப் பக்கத்துல நின்னு பாருங்க. அதுவே ஒரு ஷோ! கண்ணாடியை வழிச்சு வழிச்சுத் துடைக்கிறாங்க. ஒரு தூசி இருந்தாலும் பரு மாதிரி துருத்திக்கும். வெளிப்பக்கம் வெச்சு அளவு வெட்டி, சோப்புத் தண்ணி தெளிச்சு உள்பக்கம் ஒட்டி, ரப்பர் தகட்டால நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் தண்ணியைத் தள்ளுறாங்க. வளைவு இருந்தால் ஹீட் கன்னால சூடு காட்டி இழுக்கிறாங்க. பிளேடு கண்ணாடியில் ஓடுற சத்தம் கேட்கவே கூசும். ஒரு கீறல் விழலை.

கடைசியா, ஒட்டின மூணு நாலு நாளைக்குக் கண்ணாடியை இறக்கக் கூடாது. உள்ளே மிச்சமிருக்கிற ஈரம் காயணும்.

மதியம் வண்டியை எடுத்தோம். ஏ.சி. முன்ன மாதிரி மூச்சு வாங்கலை. ஊட்டி ஆகிடலை, இட்லி குக்கர் நிலைமையும் இல்லை. ராயப்பேட்டை மணிக்கூண்டு தாண்டி ஒரு திருப்பத்துல நின்னோம். இடது பக்கம் ஒரு பாட்டி, கையில் காய்கறிப் பை. போகலாமா வேணாமானு தயங்கி, பக்கக் கண்ணாடி வழியா உள்ளே பார்த்தாங்க. கண்ணாடியை இறக்க முடியாது, நாலு நாள் தடை! நண்பன் உள்ளேயிருந்தே தலையை ஆட்டி, 'நீங்க போங்க பாட்டி'னு கையைக் காட்டினான்.

பாட்டி அவன் முகத்தைப் பார்த்துட்டு, நிதானமா ரோட்டைக் கடந்து போனாங்க.